‘சிம்பிளா ஒரு ரசம் போதும்’

மாமல்லபுரத்திலிருந்து திரும்பி வரும் வழியில், திருக்கழுக்குன்றம் மலைக்கோயில் கண்ணில் படும் இடத்தில், வண்டியை ஓட்டிக்கொண்டே என் கணவர் சொன்னார்: “ராத்திரிக்கு ஒண்ணும் பெருசா வேணாம்மா. சிம்பிளா ஒரு ரசம் போதும். அப்பளம் இருக்குல்ல?”

அவர் கெட்டவர் இல்லை. கரிசனமாகத்தான் சொன்னார். இரண்டு நாள் வகைவகையாகச் சாப்பிட்டாயிற்று, இவளுக்கும் அலுப்பாக இருக்கும், வேலையைக் குறைத்துக் கொடுப்போம் என்கிற கரிசனம். எனக்கு அந்தக் கரிசனத்தில்தான் பற்றிக்கொண்டு வந்தது. அதட்டியிருந்தால் நானும் பதிலுக்கு அதட்டியிருப்பேன். ‘சிம்பிளா’ என்ற சொல்லோடு எப்படிச் சண்டை போடுவது?

மூன்று நாள் பூட்டிக் கிடந்த வீட்டில் ஒரு ரசம் என்றால் என்ன? புளி ஊற வேண்டும். தக்காளி ஃப்ரிட்ஜில் சுருங்கிக் கிடக்கும், கொத்தமல்லி அழுகியிருக்கும். மிளகு சீரகம் தட்ட வேண்டும். ரசத்தை வெறுமனே குடிக்க மாட்டார்கள், சோறு வேண்டும். சோறு ஆகிறதுக்குள் பையைத் திறந்தால் நான்கு பேருடைய ஈரத்துணி, துணி மடிப்பு ஒவ்வொன்றிலும் கடற்கரை மணல். அதை அப்படியே மெஷினில் போட்டால் மெஷின் போய்விடும், வாளியில் அலசித்தான் போட வேண்டும். நாளைக் காலைக்கு மாவு இல்லை. அரிசி ஊறப்போட்டு, தூங்குவதற்கு முன் அரைக்க வேண்டும். பால்காரருக்கு நாளை முதல் போடச் சொல்லிப் போன் செய்ய வேண்டும். இவ்வளவும் சேர்ந்துதான் அந்த ‘சிம்பிள்’.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் முப்பது கிலோமீட்டர்தான். அந்த முப்பது கிலோமீட்டரைக் கடந்து போவதற்கு நான் ஒரு வாரம் வேலை செய்திருந்தேன். துணி துவைத்து, இஸ்திரி போட்டு, அத்தையின் மாத்திரைகளை வேளைவாரியாகப் பொட்டலம் கட்டி, மகனுடைய சார்ஜரிலிருந்து கணவருடைய ஷேவிங் செட் வரை எடுத்து வைத்து, ஃப்ரிட்ஜைக் காலி செய்து, செடிக்குத் தண்ணீர் ஊற்ற எதிர் வீட்டு அக்காவிடம் சொல்லி, கேஸை மூடி, திரும்பவும் ஒருமுறை போய்ப் பார்த்து, வண்டியில் ஏறி உட்கார்ந்தபோது கணவர் கேட்டார்: “கிளம்பறதுக்கே இவ்ளோ நேரமா?”

நாங்கள் போனது எல்லாம் சேர்த்த பேக்கேஜ். நான்கு பேருக்கு, இரண்டு இரவுக்கு, மூன்று வேளைச் சாப்பாடு, சாயங்கால டீ, பஜ்ஜி, நீச்சல் குளம் எல்லாவற்றுக்குமாக 38,000 ரூபாய். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரிசையாக நிற்கும் ரிசார்ட்டுகளில் ஒன்று. பெயர் வேண்டாம்.

இந்த இடத்தில் சில தோழிகள் முகம் சுளிப்பார்கள் என்று தெரியும். பெண்ணியம் பேசுகிறவளுக்கு ரிசார்ட் எதற்கு, அது பணக்காரச் சொகுசு என்று ஒருத்தி நேராகவே கேட்டாள். அவளுக்குத்தான் முதல் பதில். எனக்கு அந்த இரண்டு நாளும் மிகவும் பிடித்திருந்தது. வெட்கமே இல்லாமல் சொல்கிறேன். கடல் எனக்குப் புதிதில்லை. பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், அரசுப் பேருந்தில் போனாலும் அதே கடல்தான். எனக்குப் பிடித்தது, காலையில் கண் விழித்ததும் ‘இன்றைக்கு என்ன செய்வது’ என்ற கேள்வி தலைக்குள் இல்லாததுதான். முதல் நாள் இரவு பதினோரு மணிக்குத் திடுக்கிட்டு எழுந்து, சுண்டல் ஊறப்போட மறந்துவிட்டோமே என்று பதறினேன். பிறகுதான் எங்கே படுத்திருக்கிறேன் என்பது உறைத்தது. உடம்பு அங்கே போய்ச் சேர்ந்து எட்டு மணி நேரம் ஆகியிருந்தது, மண்டை அப்போதுதான் வந்து சேர்ந்தது.

மறுநாள் காலை நடந்ததைச் சொல்ல வேண்டும். அத்தைக்கு எழுபத்தொரு வயது. தோசைக்கல் பக்கத்தில் இருந்த மேசையில் அவரை உட்கார வைத்தோம். வெள்ளைத் தொப்பி போட்ட மாஸ்டர் ஒரு முறுகல் தோசையைக் கல்லிலிருந்து நேராக அவருடைய தட்டில் வைத்தார். அத்தை வழக்கம்போல் அதை என் மகன் பக்கம் தள்ளினார். “அவனுக்கு வேற வரும், நீங்க சாப்பிடுங்கம்மா” என்றார் மாஸ்டர். அத்தை ஒரு வாய் பிட்டுப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “சூடா சாப்பிட்டா வேற மாதிரிதான் இருக்கு.”

ஐம்பது வருஷமாக ஆயிரக்கணக்கான தோசை வார்த்த கை அது. நம் வீடுகளில் தோசை வார்ப்பவள் கடைசியில்தான் சாப்பிடுவாள். எல்லோருக்கும் முறுகல், அவளுக்குக் கடைசி மாவில் ஊற்றிய வெள்ளைத் தோசை, அடியில் மிஞ்சிய சட்னி. தான் சுட்ட பண்டத்தின் ருசியே தெரியாமல் ஒரு பெண் எழுபத்தொரு வயது வரை வாழ முடிகிறது. இந்தச் சுகத்தைச் சொகுசு என்று சொல்லும் தோழி, தன் வீட்டில் தோசையைச் சூடாகச் சாப்பிடுவது யார் என்று ஒருமுறை பார்க்கட்டும்.

அந்த மாஸ்டரிடம் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தேன். வீட்டில் சமைப்பீர்களா என்று கேட்டதற்குச் சிரித்தார். “வீட்ல அவங்கதாங்க. நான் அடுப்படிப் பக்கமே போறதில்ல.” அந்த ரிசார்ட்டில் நான் பார்த்த சமையல்காரர்கள் அத்தனை பேரும் ஆண்கள். பரோட்டா வீசுபவர், பிரியாணி தம் போடுபவர், ஐஸ்கிரீம் அள்ளித் தருபவர் உட்பட. பெண்கள் பின்கட்டில் தட்டு கழுவினார்கள், புல்வெளியில் சருகு பொறுக்கினார்கள், நடைபாதையில் மணல் பெருக்கினார்கள்.

‘ஆம்பளைக்குச் சமைக்க வராது’ என்று இனி யாராவது சொன்னால் சிரித்துவிடுங்கள். நம் ஊரில் ருசியான சமையலுக்குப் பெயரே நளபாகம், பீமபாகம். இரண்டும் ஆண்களின் பெயர். இருவருமே மாறுவேடத்தில் ஒரு ராஜாவிடம் வேலைக்கு இருந்தபோது காட்டிய கைவண்ணம்தான் அது. அவன் சமைக்க ஒரு அரண்மனையும் ஒரு மாறுவேடமும் தேவைப்பட்டன. இப்போது வெள்ளைத் தொப்பி. சம்பளமும் பெயரும் கிடைக்கிற இடத்தில் கரண்டி அவன் கைக்குப் போய்விடுகிறது. இரண்டும் கிடைக்காத இடத்தில் அது ‘பெண்ணின் இயல்பு’ ஆகிவிடுகிறது.

இனி கணக்குக்கு வருவோம். ஒன்றிய அரசின் புள்ளியியல் துறை, மக்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று 2019இல் கணக்கெடுத்தது. அன்றாடம் சம்பளமில்லாத வீட்டு வேலை செய்தவர்கள் பெண்களில் நூற்றுக்கு 81 பேர், ஆண்களில் 26 பேர். அப்படிச் செய்த பெண்கள் அதில் செலவிட்ட நேரம் நாளொன்றுக்கு 299 நிமிடம், செய்த ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். 2024இல் மறுபடி கணக்கெடுத்தார்கள். பெண்கள் 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். பெண்ணின் வேலை பத்து நிமிடம் குறைந்திருக்கிறதே என்று மகிழ்வதற்குள், ஆணின் வேலையும் ஒன்பது நிமிடம் குறைந்திருப்பதைப் பாருங்கள். இடைவெளி 202 நிமிடத்திலிருந்து 201 நிமிடம் ஆகியிருக்கிறது. ஐந்து ஆண்டில் ஒரு நிமிடம். இந்த வேகத்தில் போனால் இன்னும் ஆயிரம் ஆண்டு ஆகும். நான் வேண்டுமென்றே பெரிதாக்கவில்லை, 201ஐ ஐந்தால் பெருக்கிப் பாருங்கள்.

வீட்டு வேலைக்கு விலை உண்டா என்ற கேள்வியைத் தமிழ்நாடு கொஞ்சமாவது கேட்டிருக்கிறது. 2023 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொத்து வழக்கில் தீர்ப்புச் சொன்னது. கணவன் வெளியூரில் சம்பாதிக்க முடிந்ததே மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான், ஆகவே அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் அவளுடைய உழைப்பும் இருக்கிறது, அவளுக்குச் சமபங்கு உண்டு என்றது. அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய். எங்கள் வீட்டுக்கு அது கிடையாது, எதிர் வீட்டு அக்காவுக்கு வருகிறது. அதற்கு ‘உதவி’ என்று பெயர் வைக்காமல் ‘உரிமை’ என்று வைத்ததை நான் வரவேற்கிறேன். ஆனால் தொகையை ஒருமுறை எதிரெதிரே வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. சமைத்து, பரிமாறி, படுக்கை விரித்து, கழுவித் துடைத்து வைக்கிற வேலையை ஒரு ரிசார்ட் இரண்டு நாள் செய்தால் 38,000. ஒரு பெண் அதையே முப்பத்தெட்டு மாதம் செய்தால் 38,000.

“ரிசார்ட்டில் கடலும் நீச்சல் குளமும் இருக்கிறதே, அதுக்கும் சேர்த்துத்தானே காசு” என்பார்கள். சரி, பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். பத்தொன்பது மாதம்.

இந்த ஊர்க்காரி என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் செங்கல்பட்டில் சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு நடந்தது. பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை, துணையைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை, மணவிலக்கு, மறுமணம், வேலை வாய்ப்பு என்று தீர்மானங்கள் போட்டார்கள். சொத்துரிமை தமிழ்நாட்டில் சட்டமாக அறுபது ஆண்டுகள் ஆயின, 1989இல் வந்தது. நாடு முழுக்க வர 2005 ஆனது. சொத்துக்குச் சட்டம் போட்டுவிடலாம். பதிவு அலுவலகம் இருக்கிறது, பத்திரம் இருக்கிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு யார் எழுந்து போய் மாவு அரைப்பது என்பதை எந்தப் பதிவு அலுவலகத்தில் பதிவது? அந்தத் தீர்மானத்தை அவரவர் வீட்டில்தான் போட வேண்டும். எதிர்த்து ஓட்டுப் போடுகிறவர் நம் பக்கத்திலேயே படுத்திருக்கிறார், அதுவும் கரிசனமாக.

பொதுவில் செய்ய முடிகிறதும் உண்டு, அதையும் மறுக்கவில்லை. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022இல் ஆரம்பித்த காலைச் சிற்றுண்டித் திட்டம் எத்தனையோ தாய்மார்களின் காலை நேரப் பரபரப்பில் பாதியை எடுத்துக்கொண்டது. அங்கே கிண்டுகிறவர்களும் சுய உதவிக் குழுப் பெண்கள்தான் என்பது உறுத்துகிறது. ஆனாலும் அது வேலை என்று ஒப்புக்கொள்ளப்பட்டு, கூலி பேசப்பட்டிருக்கிறது. கூலி போதாது என்று கேட்பதற்காவது வழி இருக்கிறது. வீட்டில் அந்த வழியும் இல்லை.

மணல் பெருக்கிய அக்காவைப் பற்றிச் சொல்லாமல் போனால் நான் நேர்மையானவள் இல்லை. எங்கள் அறை வாசலில் தினம் காலை ஏழு மணிக்குப் பெருக்குமாறு சத்தம் கேட்கும். பக்கத்துக் குப்பத்திலிருந்து வருபவர். அந்தக் கரையில் அவருடைய அப்பா காலத்தில் வலை காயப்போட்டார்களாம். இப்போது அங்கே சாய்வு நாற்காலி போட்டிருக்கிறது.

“கடல்ல இறங்குவீங்களாக்கா?” என்று கேட்டேன்.

“எங்க கடலுதானேம்மா. வேல நேரத்துல அந்தப் பக்கம் போனா சூப்பர்வைசர் ஏசுவாரு.”

“லீவு உண்டா?”

“போட்டா அன்னிக்குக் கூலி இல்ல. காண்ட்ராக்டுதானே. நாலு மணிக்கு இங்க முடிச்சிட்டு நான் போயித்தான் ஒல வைக்கணும்.”

நான் விட்டுவிட்டு வந்த வேலை மாயமாக மறைந்துவிடவில்லை. முப்பது கிலோமீட்டர் தள்ளி இன்னொரு பெண்ணின் முதுகில் ஏறியிருந்தது. அவர் எனக்காகவும் பெருக்கி, தன் வீட்டிலும் பெருக்குகிறார். நான் கொடுத்த 38,000இல் அவருக்குப் போனது எவ்வளவு என்று யோசிக்கவே கூச்சமாக இருந்தது. கிளம்பும்போது கையில் ஐந்நூறு ரூபாய் வைத்தேன். அவர் வாங்கிக்கொண்டார், ஆனால் அதனால் எதுவும் நேராகிவிடவில்லை. அவருக்கு வேண்டியது என்னுடைய டிப்ஸ் இல்லை. நிரந்தர வேலை, சம்பளத்தோடு வார விடுமுறை, தன் ஊர்க் கரையில் தடையில்லாமல் நடக்கிற உரிமை. நமக்கு ஓய்வு வேண்டும் என்று பேசும்போது அந்தப் பேச்சில் அவருக்கும் இடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாம் கேட்பது விடுதலை இல்லை, வேலைக்காரி.

இரண்டாம் நாள் சாயங்காலம் சிற்பம் பார்க்கப் போனோம். எத்தனையோ முறை பார்த்ததுதான். கிருஷ்ண மண்டபத்தில் கிருஷ்ணன் ஒற்றைக் கையால் கோவர்த்தன மலையைத் தூக்கிப் பிடித்து ஊரையே மழையிலிருந்து காக்கிறான். கீழே எல்லோரும் ஒதுங்கியிருக்கிறார்கள். ஒருவர் நிம்மதியாக மாட்டில் பால் கறக்கிறார். பசு கன்றை நக்குகிறது. அங்கேயே ஒரு பெண், தலையில் பானைகளைச் சுமந்தபடி நிற்கிறாள். கடவுளே வந்து மலையைத் தூக்கிப் பிடித்தாலும் அவள் தலைச்சுமையை இறக்கி வைக்க ஒருவரும் கை கொடுக்கவில்லை. ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு மேலாக அப்படியே நிற்கிறாள். மகனிடம் காட்டினேன். “ஆமால்ல” என்று சொல்லிவிட்டு, தன் தண்ணீர் பாட்டிலை என் பையில் திணித்தான்.

ஆண்டுக்கு ஒருமுறை கூட்டிப்போகிற கணவனுக்கு நன்றி சொல்லி ஸ்டேட்டஸ் போடும் தோழிகளோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. நன்றி எதற்கு? 363 நாள் அவர் ஒரு ரிசார்ட்டில்தான் இருக்கிறார். அதற்கு நம் வீடு என்று பெயர். அங்கே மூன்று வேளையும் வருகிறது, படுக்கை விரித்திருக்கிறது, துண்டு மடித்திருக்கிறது, பில் வருவதில்லை. மீதி இரண்டு நாள் நம்மையும் விருந்தாளியாகச் சேர்த்துக்கொண்டதற்கு நன்றி கேட்கிறார். பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவது பேட்டரியின் நன்மைக்காகவா?

ஐஸ்லாந்துப் பெண்களும் ஒரு நாள் விடுப்பு எடுத்தார்கள். 1975 அக்டோபர் 24. வேலைநிறுத்தம் என்று சொன்னால் சிலர் மிரண்டுவிடுவார்கள் என்று ‘பெண்கள் விடுப்பு நாள்’ என்றே பெயர் வைத்தார்கள். நாட்டின் பெண்களில் பத்தில் ஒன்பது பேர் அலுவலக வேலை, சமையல், பிள்ளை வளர்ப்பு எதையும் தொடவில்லை. ஆண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் போனார்கள். சட்டென்று சமைக்கத் தோதான சாசேஜ் கடைகளில் தீர்ந்துபோனது. மறு ஆண்டே ஆண் பெண் சமத்துவச் சட்டம் வந்தது. 1980இல் ஒரு பெண் அந்நாட்டின் குடியரசுத் தலைவரானார். அவர்களும் ஒரு நாள்தான் வேலை செய்யவில்லை, நானும் இரண்டு நாள் செய்யவில்லை. அவர்கள் வீட்டை விட்டுப் போனபோது வீட்டில் ஆண்கள் இருந்தார்கள், வேலையும் இருந்தது, இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. நாங்கள் போனபோது வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் சேர்ந்து போனோம். வேலை எனக்காக உள்ளே காத்திருந்தது. குடும்பத்தோடு போகிற விடுமுறையில் இருக்கிற தந்திரம் இதுதான். அதில் ஆண் எதையுமே இழப்பதில்லை.

ஆகவே நான் கேட்பது அடுத்த வருஷம் மூன்று இரவு பேக்கேஜ் இல்லை. வாரத்தில் மூன்று இரவுச் சமையல் அவருடையது. காய் வாங்குவது, மாவு இருக்கிறதா என்று பார்ப்பது, என்ன செய்வது என்று மண்டையைக் குடைந்துகொள்வது, பாத்திரம் கழுவுவது எல்லாம் சேர்த்து. ‘உனக்கு உதவி பண்றேன்’ என்று வரக்கூடாது. சாப்பிடுகிற வயிறு நான்கு, இதில் யாருடைய வேலைக்கு யார் உதவி?

அன்று இரவு நான் ரசம் வைத்தேன். அதை மறைத்தால் இவ்வளவு எழுதியதும் பொய்யாகிவிடும். ஈரத்துணியை அலசினேன், அரிசி ஊறப்போட்டேன். பதினொன்றரைக்குக் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தபோது அத்தை வந்து என் பக்கத்தில் நின்றார். இருவரும் எதுவும் பேசவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கணவரிடம் சொன்னேன். “இன்னிக்கு நீங்க வைங்க. சிம்பிளா ஒரு ரசம் போதும்.”

“எனக்குத் தெரியாதேம்மா.”

“தோசை மாஸ்டரும் தெரிஞ்சுக்கிட்டுப் பொறக்கலைங்க.”

போனில் ஏதோ வீடியோவைப் போட்டுக்கொண்டு உள்ளே போனார். நானும் அத்தையும் கூடத்தில் உட்கார்ந்தோம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு குரல் வந்தது. புளி எங்கே, எவ்வளவு, பெருங்காயம் எந்த டப்பாவில் இருக்கிறது. இருபத்தோரு வருஷமாக அவர் வாழ்கிற வீடு. “அங்கதாங்க இருக்கு, பாருங்க” என்று மட்டும் சொன்னேன். அத்தைக்கு இருப்புக் கொள்ளவில்லை, இரண்டு முறை எழப் பார்த்தார். நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

“கொதிக்க வுட்டுட்டான் போலருக்கு. நொர கட்டினதும் எறக்கணும்” என்றார்.

“கொதிக்கட்டும் அத்தை.”

கொஞ்ச நேரம் மூக்கை நிமிர்த்தி வாசம் பிடித்தார். “பெருங்காயம் போடல” என்றார். எழுந்திருக்கவில்லை.